சாங்தாங் போகிறவர்களுக்கு: வண்டியைப் பற்றி அப்புறம் பேசலாம்

கேள்வி இது: "நாங்கள் மூன்று பேர், செப்டம்பரில் கிளம்புகிறோம். நாலு வருடப் பழைய டீசல் பொலேரோ, ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. கோவையிலிருந்தே ஓட்டிக்கொண்டு மணாலி வழியாக லடாக்கின் லே நகருக்குப் போகிறோம். அங்கே ஒரு நாள் தங்கிவிட்டு ஆறு நாளில் சோ கர், சோ மொரிரி, ஹன்லே, உம்லிங் லா, சுஷுல், பாங்காங் என்று ஒரு சுற்று. கூரைமேல் கூடாரம் போட்டுத் தூங்குவோம். ஃபோர் வீல் இல்லாமல் முடியுமா? என்னென்ன சாமான் எடுத்துக்கொள்ள வேண்டும்?"

முடியும். பொலேரோவே போதும். நான் அங்கே போன நாலு தடவையில் ஃபோர் வீல் லீவரை (நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் விசையைத் தருவது) தொட்டது ஒரே தடவைதான். அதுவும் என் முட்டாள்தனத்தால். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். ஆனால் உங்கள் திட்டத்தில் வண்டியைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. முதலில் அதை அடைக்க வேண்டும்.

சாங்தாங் என்பது லடாக்கின் கிழக்கே திபெத்தை ஒட்டிக் கிடக்கும் மேட்டுநிலம். அங்கே "சோ" என்றால் ஏரி, "லா" என்றால் கணவாய். லேயில் வருடம் முழுக்கப் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர். நம் ஊரில் ஐப்பசி அடைமழை ஒரே நாளில் கொட்டுகிற அளவு. மரம் இல்லை, நிழல் இல்லை, பார்வை போகிற தூரம் வரை மண்ணும் கல்லும். பாலைவனம்தான், ஆனால் 4,200 மீட்டருக்கு மேலே தூக்கி வைத்த பாலைவனம். பார்க்கத் தட்டையாக இருப்பதுதான் இதில் ஆபத்து. ஊட்டி மலையில் தலை சுற்றினால் இரண்டு மணி நேரத்தில் மேட்டுப்பாளையம் வந்துவிடலாம். இங்கே 100 கிலோமீட்டர் ஓட்டினாலும் 300, 400 மீட்டர்தான் இறங்கியிருப்பீர்கள். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோய்க்கு மருத்துவர்கள் சொல்லும் முதல் சிகிச்சை "கீழே இறங்கு" என்பது. இறங்குவதற்குக் கீழே என்று ஒன்று பக்கத்தில் இல்லாத இடம் இது.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. முதல் பயணத்தில் நாங்கள் விமானத்தில் லே போய் இறங்கி, ஒரே இரவு தங்கி, மறுநாளே சோ மொரிரிக்குக் கிளம்பினோம். ஏரிக்கரையில் இருக்கும் கோர்ஸோக் கிராமம் 4,500 மீட்டருக்கு மேலே. முதல் நாள் மூன்று பேருக்கும் தலைவலி. சகஜம் என்று விட்டுவிட்டோம். இரண்டாம் நாள் மாலை கூட வந்த நண்பனுக்கு வறட்டு இருமல். ராத்திரி பத்து மணிக்கு, "படுத்தா மூச்சு முட்டுதுடா" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் காலையில் 84 இருந்தது அப்போது 66. நுரையீரலில் நீர் கோக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. அந்த இருட்டில் கிளம்பினோம். மாஹே பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது இறங்கியிருந்தது வெறும் 350 மீட்டர் சொச்சம். அப்புறம் சிந்து நதியை ஒட்டியே விடிய விடிய ஓட்டி, லேயில் இருக்கும் எஸ்என்எம் மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்தும்போது வெயில் வந்துவிட்டது. பிழைத்துக்கொண்டான். இன்றைக்கும் அவன் வீட்டில் எனக்குக் காபி கிடைப்பதில்லை.

அதனால் உங்கள் சுற்றைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். லே போவதையே மணாலி வழியில் வைக்காமல் ஸ்ரீநகர் வழியில் வையுங்கள். ஸ்ரீநகர் 1,600 மீட்டர், அடுத்த இரவு கார்கில் 2,700 மீட்டர், அதற்கடுத்து லே 3,500 மீட்டர். உடம்பு படிப்படியாகப் பழகும். மணாலி வழியில் ஜிஸ்பாவைத் தாண்டிவிட்டால் சர்ச்சுவில் 4,290 மீட்டரில் தூங்க வேண்டும், இல்லையென்றால் பாங்கில் 4,600 மீட்டரில். இரண்டும் சமவெளியிலிருந்து வந்த உடம்புக்கு நரகம். மணாலி பாதை அழகானதுதான், மறுக்கவில்லை. கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசிகளையும் மோரே சமவெளியையும் ஊர் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

லேயில் ஒரு நாள் போதாது. குறைந்தது இரண்டு முழு நாள், முடிந்தால் மூன்று. 3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொது விதி. பகலில் எவ்வளவு உயரமான கணவாயைத் தாண்டினாலும் பரவாயில்லை, ராத்திரி தலை சாய்க்கும் இடம்தான் கணக்கு. நீங்கள் போட்ட வரிசைப்படி முதல் நாளே 5,328 மீட்டர் டக்லங் லாவைத் தாண்டி 4,500க்கு மேலே படுக்கிறீர்கள். அதற்குப் பதிலாக லேயிலிருந்து உப்ஷி வழியாகச் சிந்துவின் கரையைப் பிடித்துப் போங்கள். முதல் இரவு சுமத்தாங், சுமார் 4,000 மீட்டர். வெந்நீர் ஊற்று இருக்கிறது, உடம்பு வலிக்கு நல்லது. அடுத்து நியோமா தாண்டி, லோமா சோதனைச் சாவடியில் திரும்பி ஹன்லே கிராமம், சுமார் 4,300. அங்கே மூன்று இரவு. அப்புறம்தான் கோர்ஸோக். திரும்பும்போது புகா, போலோகோங்கா லா, சோ கர், டக்லங் லா வழியாக லே. பாங்காங்கை இந்தச் சுற்றிலிருந்து கழற்றிவிடுங்கள். லோமாவிலிருந்து சுஷுல் வழியாகப் பாங்காங் போகப் பாதை இருக்கிறது, அனுமதியும் கிடைக்கும், ஆனால் ஆறு நாளில் இரண்டையும் திணித்தால் ஏரிகளைக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள்.

மலை நோய் வராமலிருக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றி ஊரில் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது சிக்கல். ஓய்வாக இருக்கும்போதும் மூச்சு வாங்குவது, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் "காலையில் பார்ப்போம்" என்ற பேச்சே கிடையாது. வழியில் ராணுவ முகாம் தென்பட்டால் வாசலில் நின்று கேளுங்கள், உதவுவார்கள்.

சரி, இப்போது வண்டி.

உயரத்தில் எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். 4,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 57 சதவீதம். உம்லிங் லாவில் பாதிதான். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிகள் அங்கே கிழட்டு மாடு மாதிரி ஏறும். உங்களுடையது டர்போ டீசல், தப்பித்தீர்கள். ஆனாலும் கீழ் ஆர்பிஎம்மில் இழுக்காது. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது ஹாஃப் கிளட்சில் பிடித்துக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் கருகிவிடும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாலேயே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டி என்றால் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கும். பல நாள் முதல், இரண்டாம் கியரிலேயே ஊர்ந்தால் அது அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் விளக்கு எரியும். நல்ல தார்ச்சாலை வரும் இடத்தில் 20 நிமிடம் நிறுத்தாமல் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

ரேடியேட்டரைத் திறந்து பாருங்கள். நம் பக்கத்தில் பல பட்டறைகளில் கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றி மூடிவிடுவார்கள், கோவை வெயிலுக்கு அது ஓடிவிடும். சாங்தாங்கில் செப்டம்பர் இரவிலேயே பூஜ்யத்துக்குக் கீழே போகும். தண்ணீர் உறைந்து விரிந்தால் ரேடியேட்டரோ பிளாக்கோ வெடிக்கும், மாற்றுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. கிளம்பும் முன் முழுசாக வடித்துவிட்டு, பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். வைப்பர் தண்ணீருக்கும் இதே கதி. அக்டோபருக்கு மேல் போவதாக இருந்தால் டீசலே மெழுகு கட்டும். அதற்காகத்தான் 2019இல் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. நீங்கள் செப்டம்பரில் போவதால் அந்தக் கவலை இல்லை.

டயர் காற்றைப் பற்றி எல்லோரும் குழம்புவார்கள். உயரம் போனால் சிப்ஸ் பாக்கெட் உப்புகிற மாதிரி டயரும் உப்பும் என்று சொல்லிக் காற்றை இறக்கச் சொல்வார்கள். பாதி உண்மை. கோவையில் 35 டிகிரியில் 32 பிஎஸ்ஐ வைத்துக் கிளம்பினால், சாங்தாங்கில் மைனஸ் 5 டிகிரி காலையில் அளந்தாலும் ஏறக்குறைய அதே 32தான் காட்டும். உயரம் கூட்டுவதைக் குளிர் கழித்துவிடுகிறது. மதியம் டயர் சூடானதும் 37 வரை போகும். எனவே காலையில் ஒரு தடவை அளந்து வைத்தால் போதும். இறக்க வேண்டியது வேறொரு காரணத்துக்காக. தார் முடிந்த இடத்தில் பாதை தகரக் கூரை மாதிரி வரிவரியாக இருக்கும். அதில் 32 பிஎஸ்ஐயோடு ஓட்டினால் பல் ஆடும், கேரியர் போல்ட் கழலும், ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கும். 24, 25க்கு இறக்கி 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி அழாமல் போகும். இறக்கினால் திரும்ப ஏற்றவும் வேண்டும், அதனால் பேட்டரியில் நேராகக் கவ்வும் ஏர் கம்ப்ரசர் ஒன்று அவசியம். நீங்கள் வாங்கப்போகும் சாமான்களில் காசுக்குத் தகுந்த ஒரே பொருள் அதுதான் என்பேன்.

டீசல் கணக்கு: லே–ஹன்லே சுமார் 255 கிலோமீட்டர். உம்லிங் லா போக வர, கோர்ஸோக், சோ கர் எல்லாம் சேர்த்தால் மொத்தச் சுற்று 800 கிலோமீட்டரைத் தொடும். கீழே 14 கொடுக்கும் வண்டிக்கு அங்கே 10 என்று போடுங்கள். 80 லிட்டர். டேங்க் 60 என்றால் 20 லிட்டர் ஜெர்ரி கேன் ஒன்று. லேயிலிருந்து 35 கிலோமீட்டரில் இருக்கும் காரு பங்க்கைக் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் கிடைத்தால் அதிர்ஷ்டம். கேனைக் கூரைமேல் கட்டாதீர்கள். பின்னால், தாழ்வாக, ஆடாமல். வெயிலில் காற்று விரிந்து மூடி வழியாகக் கசியும், தினமும் ஒரு தடவை மூடியை லேசாகத் தளர்த்தி இறுக்குங்கள்.

இப்போது அந்த முட்டாள்தனக் கதை. சோ கர் உப்பு ஏரி. கரை முழுக்க வெள்ளை வெளேரென்று உப்புப் படலம், பார்த்தால் சிமென்ட் தரை மாதிரி இருக்கும். பாதையிலிருந்து இருநூறு மீட்டர் உள்ளே போனால் ஏரியும் வண்டியும் ஒரே படத்தில் விழும் என்று எனக்கு ஆசை. நூறு மீட்டர் நன்றாகத்தான் போனது. அப்புறம் "பொளக்" என்று ஒரு சத்தம், முன் சக்கரம் இறங்கியது. மேலே ஒரு விரல் கனத்துக்கு உப்பு, அடியில் கறுப்புச் சேறு. ஃபோர் வீல் போட்டேன், நாலு சக்கரமும் சேர்ந்து ஆக்சில் வரை தோண்டிக்கொண்டன. ஃபோர் வீல் இல்லாமல் இருந்திருந்தால் அவ்வளவு ஆழம் தோண்டாமல், சீக்கிரம் வெளியே வந்திருப்பேன்!

ஜாக்கி வைத்தால் வண்டி ஏறவில்லை, ஜாக்கிதான் இறங்கியது. ஸ்டெப்னியைக் கழற்றிப் படுக்க வைத்து அதன்மேல் ஜாக்கியை வைத்தேன், அப்போதுதான் தூக்கியது. ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, அடியில் மிதியடியையும் கல்லையும் திணித்து, டயரை 15க்கு இறக்கி... இந்த உயரத்தில் பத்து மண்வெட்டிக்கு ஒரு தரம் உட்கார வேண்டும். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த, சாங்பா என்ற மேய்ச்சல் இனத்துப் பெரியவர் ஒருவர், பஷ்மினா ஆடுகளைத் தன் போக்கில் விட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் வந்து கூடத் தோண்டினார். ஐந்து மணி நேரம். வெளியே வந்ததும் நான் பணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை, நான் போட்ட தடத்தைக் கையால் காட்டிவிட்டுப் போய்விட்டார். அப்போது புரியவில்லை. அடுத்த வருடம் போனபோது அந்தத் தடம் அப்படியே இருந்தது. மழையில்லாத ஊரில் மண்ணின் காயம் ஆறுவதற்கு வழியில்லை. அந்தக் கரை கறுப்புக் கழுத்துக் கொக்கு முட்டையிடும் இடம், 2020இல் உலக முக்கியத்துவம் உள்ள ராம்சர் ஈரநிலமாக அறிவித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. ஏற்கெனவே இருக்கும் தடத்தைவிட்டு இறங்காதீர்கள். கியாங் என்ற காட்டுக் கழுதைகள் வண்டிக்கு இணையாக ஓடிவரும், அவற்றைத் துரத்தி வீடியோ எடுக்கும் வேலையும் வேண்டாம். அந்தக் காற்றில் ஓடுவதற்கு அவற்றுக்கும் மூச்சு வேண்டும்.

ஆகவே சாமான் பட்டியல் நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது: கம்ப்ரசர், பஞ்சர் கிட், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒன்றரை அடிப் பலகை, மடக்கு மண்வெட்டி, டோ ரோப், ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர். ஸ்டெப்னி இரண்டு இருந்தால் நிம்மதி. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். காற்று அவ்வளவு வறட்சி, வியர்ப்பதே தெரியாமல் உடம்பு காயும். சாட்டிலைட் போனும் அந்த வகை மெசஞ்சர் கருவிகளும் வெளிநாட்டு வீடியோக்களில் கட்டாயம் என்பார்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் கைதாவீர்கள், அதுவும் எல்லைப் பகுதியில். மொபைலில் பிரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள்ளுங்கள். அதுவும் பல இடங்களில் மௌனம்தான். எனவே இன்று எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் வருவோம் என்று தங்கும் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நுழைவு அனுமதித் தாளில் ஏழெட்டு நகல் வைத்துக்கொண்டால் சாவடியில் நேரம் மிச்சம். ஒரு தடவை லோமாவில் டிஎன் நம்பரைப் பார்த்துவிட்டு ஒரு ஜவான் ஓடிவந்து "எந்த ஊருண்ணே?" என்றார். வேலூர்ப் பக்கத்துக்காரர். அவர் சொன்ன ஒரு விஷயம்தான் இன்று வரை நான் பின்பற்றும் விதி: "நாலாவ ஒம்பது மணிக்குள்ள தாண்டிடுங்க."

நாலா என்றால் பாதையின் குறுக்கே ஓடும் ஓடை. காலையில் கணுக்கால் அளவு இருக்கும். வெயில் ஏறப் பனி உருகி, மதியம் மூன்று நான்கு மணிக்கு அதே ஓடை தொடை அளவு ஓடும், கல்லையும் உருட்டிக்கொண்டு வரும். பாங்காங் போகும் வழியில் ஒன்றுக்குப் பெயரே பாகல் நாலா, பைத்தியக்கார ஓடை. மதியம் போய்ச் சேர்ந்து தண்ணீர் அதிகமாக இருந்தால் அங்கேயே நின்று, மறுநாள் விடிகாலை தாண்டுங்கள். ஒரு ஆள் கம்போடு நடந்து பார்க்காமல் வண்டியை விடாதீர்கள்.

நிற்பது என்றாலும் காய்ந்த ஓடைப் படுகையில் நிற்காதீர்கள். 2010 ஆகஸ்ட் 5ஆம் தேதி நள்ளிரவில் லேயில் மேகம் வெடித்து, இறுக்கிப் பிடிக்க ஒரு புல்வேர்கூட இல்லாத மண் சேற்றாறாக இறங்கியது. 200 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மழையே பெய்யாத ஊர் என்று சொல்லப்படும் ஊரில் நடந்தது அது.

கூரைக் கூடாரத்தை நான் விட்டுவிடச் சொல்வேன். சாயங்காலக் காற்று அதைப் பட்டம் மாதிரி இழுக்கும், குளிரில் தூக்கம் வராது, தூக்கம் கெட்டால் மலை நோய் வந்திருக்கிறதா இல்லையா என்றே கண்டுபிடிக்க முடியாது. ஏரிக்கரைகள் சரணாலயப் பகுதி வேறு. கோர்ஸோக்கிலும் ஹன்லேயிலும் வீடுகளில் தங்க இடம் தருகிறார்கள். கனமான ரஜாய், சூடான தால்–சோறு. அந்தச் சோறும் குக்கரில்தான் வேகும். ஹன்லேயில் தண்ணீர் 86 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், வெறும் பாத்திரத்தில் வைத்தால் அரிசி விதை விதையாக நிற்கும். சமைப்பதாக இருந்தால் சின்ன குக்கர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

ஹன்லேயில் மூன்று இரவு சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே மேட்டின்மேல் 4,500 மீட்டரில் இருக்கும் வானியல் ஆய்வகம் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துடையது. அதன் வேரைத் தேடிப் போனால் கொடைக்கானல் சூரிய ஆய்வகம், அதற்கும் முன்னால் பதினெட்டாம் நூற்றாண்டு மதராஸ் வானாய்வகம் என்று நம் ஊருக்கே வந்து சேரும். இரண்டு மீட்டர் கண்ணாடி உள்ள சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டையில் உட்கார்ந்துகொண்டே இயக்குகிறார்கள். 2022இல் சுற்றுவட்டாரத்தை இருள்வானக் காப்பகமாக அறிவித்தபின் உள்ளூர் ஆட்களுக்குத் தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சி தந்திருக்கிறார்கள். இரவில் அவர்களைக் கேட்டால் சனியின் வளையத்தைக் காட்டுவார்கள். இருட்டிய பிறகு ஹெட்லைட் ஹைபீமில் கிராமத்துக்குள் நுழையாதீர்கள், வைவார்கள். வைவது நியாயம்.

உம்லிங் லாவைக் கடைசியில் வைத்தேன், ஏனென்றால் நீங்கள் அதற்காகத்தான் போகிறீர்கள் என்று தெரியும். 5,798 மீட்டர், எல்லைச் சாலை அமைப்பு போட்ட சாலை, 2021இல் உலகிலேயே உயரமான வண்டிச் சாலை என்று கின்னஸ் சான்று வாங்கியது. எவரெஸ்டின் நேபாளப் பக்க அடிவாரமுகாமைவிட உயரம். ஹன்லேயில் இரண்டு இரவு தூங்கி எழுந்த மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, 5,500க்கும் மேலான ஃபோட்டி லாவைத் தாண்டிப் போய், பலகைமுன் படம் எடுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் இறங்கிவிடுங்கள். மேலே எஞ்சினை அணைக்க வேண்டாம். மூன்று பேரில் யாருக்காவது அன்று காலை தலைவலியோடு வாந்தியும் இருந்தால் மூன்று பேரும் போகாதீர்கள். ஒருவரை மட்டும் ஹன்லேயில் விட்டுப் போனால் அவருக்கு முற்றும்போது லே கொண்டுபோக வண்டி இருக்காது. சாவடியில் இன்றைக்கு விட மாட்டோம் என்றால் வாதாடாமல் திரும்புங்கள். நான் இரண்டு தடவை அப்படித் திரும்பியிருக்கிறேன், ஒரு தடவை ஃபோட்டி லாவின் அடிவாரம் வரை போய்.